ஆங்கிலக் கால்வாய்: 1986-இல் கழித்துக்கட்டிய சாலைத் திட்டங்கள், தடுத்தது காற்றோட்டமா?

நெடுஞ்சாலை_77:
இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோனிலிருந்து கால்வாயைக் கடந்து பிரான்ஸின் கலே போக இன்றும் காரை ரயிலில் ஏற்ற வேண்டியிருக்கிறது. நேரடியாக ஓட்டிப்போகும் திட்டங்களும் 1985-இல் போட்டியில் இருந்தன என்கிறார்கள். அவை என்ன ஆயின? நார்வேயின் லேர்டால் சாலைச் சுரங்கம் 24.5 கி.மீ. இருக்கிறது. கால்வாய்ச் சுரங்கம் 50 கி.மீ., இரண்டு மடங்குதானே?

தூண்பாலம்:
இறுதிப் போட்டியில் நான்கு. ஜெயித்தது இப்போதுள்ள ரயில் சுரங்கம். மற்ற மூன்றிலும் சாலை உண்டு.

யூரோபிரிட்ஜ்: சுமார் 5 கி.மீ. இடைவெளியில் தூண் நட்டுத் தொங்குபாலம், அதில் மூடிய குழாய்க்குள் சாலை. 1998-இல் ஜப்பானில் திறந்த அகாஷி தொங்குபாலத்துக்கே நடு இடைவெளி 1,991 மீ. தான். 5 கி.மீ. என்றால் எஃகு வடத்தின் பலத்தில் பெரும்பகுதி தன் எடையைத் தூக்கவே போய்விடும். அதனால் எடை குறைந்த அராமிட் இழை (கெவ்லர் போன்ற செயற்கை இழை) வடம் போடலாம் என்றார்கள். அந்த அளவில் யாரும் அதைச் செய்து பார்த்ததில்லை.

யூரோரூட்: இரு கரையிலிருந்தும் செயற்கைத் தீவு வரை பாலம், தீவுகளுக்கு இடையே 21 கி.மீ. சுரங்கம். கரையில் வார்த்த குழாய்த் துண்டுகளை மிதக்கவிட்டு இழுத்துப்போய், கடலடியில் தோண்டிய பள்ளத்தில் இறக்கிப் பூட்டுவது. மூன்றில் என் ஓட்டு இதற்குத்தான். சிக்கல், கால்வாயின் ஒடுங்கிய பகுதியான டோவர் நீரிணையில் தினமும் நூற்றுக்கணக்கான கப்பல்கள் போகின்றன; நடுவில் தீவு என்றால் மோதல் பயம் நிரந்தரம்.

சேனல் எக்ஸ்பிரஸ்வே: பெரிய விட்டத்தில் முழுநீளச் சாலைச் சுரங்கம், நடுக்கடலில் காற்றுக் கோபுரம்.

விசிறிக்காரர்:
"இரண்டு மடங்குதானே" என்பதில்தான் தப்பு. சுரங்கம் இரட்டிப்பானால் உள்ளே நிற்கும் வண்டியும் இரட்டிப்பு, தேவைப்படும் காற்றும் இரட்டிப்பு. குறுக்குப்பரப்பு அதே என்றால் காற்றின் வேகமும் 2 மடங்கு. உராய்வு இழப்பு வேகத்தின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கியது போல ஏறும்: 4 × 2 = 8. விசிறி மின்சாரம் அழுத்தத்தைக் காற்றளவால் பெருக்கியது: 8 × 2 = 16 மடங்கு! நடுவில் ஒரு கோபுரம் வைத்து இரண்டாகப் பிரித்தால் மொத்தம் எட்டில் ஒரு பங்காக இறங்கிவிடும். எல்லோரும் தீவு, கோபுரம் என்று அலைந்தது இதனால்தான்.

1997-இல் திறந்த, டோக்கியோ விரிகுடாவைக் கடக்கும் அக்வா-லைன் சாலையும் இதே சூத்திரம்: 9.6 கி.மீ. சுரங்கம், நடுவில் காற்றுக் கோபுரம், ஒரு முனையில் தீவு, அங்கிருந்து 4.4 கி.மீ. பாலம். லேர்டாலில் போக்குவரத்து மிகக் குறைவு என்பதால் ஒப்பிட முடியாது. அங்கேயும் ஓட்டுநர் கண் சொருகாமலிருக்க 6 கி.மீ.க்கு ஒரு நீல விளக்குக் குகை வெட்டியிருக்கிறார்கள். இந்த மயக்கப் பிரச்சினை 1985-லும் பேசப்பட்டது.

நெடுஞ்சாலை_77:
சரி. எல்லாம் மின்சார வண்டி ஆகிவிட்டால் இந்தக் கணக்கே தேவையில்லையே?

புகைப்போக்கி:
அன்றாடப் புகைக் கணக்கு மாறும். தீ விபத்துக் கணக்கு மாறாது. எரிவது எஞ்சின் மட்டுமா, லாரிச் சரக்கும் டயரும்தான். லாரி எரிந்தால் புகை பின்னால் திரும்பாமலிருக்க வினாடிக்குச் சுமார் 3 மீ. காற்று வேண்டும். தீக்கு முன்னால் உள்ளவர்கள் ஓட்டித் தப்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் புகையை அந்தப் பக்கம் தள்ளுவார்கள். முன்னாலும் நெரிசல் என்றால் புகை அவர்கள் தலைமேல். 1999 மார்ச்சில் பிரான்ஸையும் இத்தாலியையும் இணைக்கும் 11.6 கி.மீ. மோன் பிளாங் சாலைச் சுரங்கத்தில் ஒரு லாரி எரிந்தபோது காற்று புகையைப் பிரெஞ்சுப் பக்கம் ஓட்டியது; அந்த லாரிக்குப் பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றதும் அங்கேதான். 39 பேர் இறந்தார்கள்.

கால்வாய் ரயில் சுரங்கத்தில் 7.6 மீ. விட்டமுள்ள இரண்டு ரயில் குழாய்களுக்கு நடுவே 4.8 மீ. விட்டத்தில் சேவைக் குழாய் ஓடுகிறது. 375 மீட்டருக்கு ஒரு குறுக்குக் கதவு. சேவைக் குழாயில் காற்றழுத்தம் எப்போதும் கூடுதல், கதவைத் திறந்தால் காற்று வெளியேதான் வீசும், புகை உள்ளே வராது. லாரிகளை ஏற்றிப்போகும் ரயில்களில் 1996, 2008-இல் பிடித்த தீ இரண்டிலும் உயிரிழப்பு இல்லை.

தூண்பாலம்:
ஒரு சேர்க்கை. சாலை ஆசை 1986-இல் முற்றாகச் செத்துவிடவில்லை. ஓட்டிப்போகும் இணைப்புக்கு 2000-க்குள் ஒரு திட்டம் தர வேண்டும் என்று ரயில் சுரங்கத்தை நடத்தும் நிறுவனத்தின் உரிம ஒப்பந்தத்திலேயே ஷரத்து உண்டு. சாலை மட்டும் இன்றுவரை வரவில்லை.