கார் இடிச்சு கால் உடைஞ்ச கேஸ்: இன்சூரன்ஸ் 4 லட்சம் சொல்றாங்க, சரியான தொகை எவ்வளவுன்னு எப்படி கணக்கு போடுறது?

மின்மினி (கேள்வி கேட்டவர்)

எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்கு 34 வயசு, எலக்ட்ரீஷியன், யார்கிட்டயும் சம்பளத்துக்கு இல்ல, சொந்தமா வேலை எடுத்து செய்யறார். நாலு மாசம் முன்னாடி பைக்ல வரும்போது வளைவுல எதிர்ல வந்த கார் இவர் பக்கமே ஏறி வந்து இடிச்சிடுச்சு. இடது முழங்காலுக்கு கீழ ரெண்டு எலும்பும் உடைஞ்சு உள்ள ராடு வெச்சிருக்காங்க, மணிக்கட்டுலயும் ஒரு ஃபிராக்சர், அது கூடிடுச்சு. ஆஸ்பத்திரி, மருந்து எல்லாம் சேர்த்து இதுவரைக்கும் 2,60,000 ரூபா பில் கையில இருக்கு. கார் டிரைவர் மேல எஃப்.ஐ.ஆர் போட்டிருக்காங்க, காருக்கு இன்சூரன்ஸும் இருக்கு.

இப்ப இன்சூரன்ஸ் தரப்புல இருந்து ஒருத்தர் பேசினார், லோக் அதாலத்ல (சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றம்) வெச்சு 4 லட்சத்துக்கு முடிச்சுக்கலாம், கோர்ட்டுக்கு போனா வருஷக் கணக்கா இழுக்கும், இதுக்கு மேல வராதுங்கறார். நெட்ல இருக்கிற கால்குலேட்டர்ல போட்டா ஒண்ணு 3 லட்சம் காட்டுது, இன்னொண்ணு 20 லட்சம் காட்டுது. ஒரு இடத்துல மெடிக்கல் பில்லை மூணால பெருக்கினா போதும்னு போட்டிருக்கு. மாசம் 20,000 கிட்ட வந்துட்டு இருந்த வீடு இது, இப்ப அவர் வருமானமே இல்ல, அதனால 4 லட்சத்தை வேணாம்னு சொல்லவும் பயமா இருக்கு. உண்மையில இதை எப்படித்தான் கணக்கு போடுறாங்க? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

---

கருப்புக் கோட்டு

சிஸ்டர், நான் எம்.சி.ஓ.பி கேஸ், அதாவது வாகன விபத்து நஷ்டஈடு கேஸ் நடத்துற வக்கீல். முதல்ல எதுலயும் கையெழுத்து போடாதீங்க. லோக் அதாலத்ல ஒத்துக்கிட்டு அவார்டு ஆயிடுச்சுன்னா அதோட முடிஞ்சது, அப்பீல் கிடையாது.

பில்லை மூணால பெருக்குறது அமெரிக்காவுல பேரம் பேசுறதுக்கு சொல்ற வழி, நம்ம கோர்ட்ல அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. இங்க உயிரோட இருக்கிற காயக்காரருக்கு எந்தெந்த தலைப்புல பணம் வரும்னு ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்புல (2010 அக்டோபர்ல சொன்னது, 2011 ரிப்போர்ட்ல இருக்கும்) சுப்ரீம் கோர்ட் தெளிவா எழுதி வெச்சிருக்கு. வைத்தியச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, சிகிச்சையில இருந்த காலத்துல போன வருமானம், நிரந்தர ஊனத்தால இனிமே குறையப் போற வருமானம், இனிமே ஆகப்போற வைத்தியச் செலவு, வலி வேதனை, வாழ்க்கையில முன்ன மாதிரி செய்ய முடியாம போனது, இப்படி. இதுல பெரிய தொகை ஒண்ணே ஒண்ணுதான், இனிமே குறையப் போற வருமானம். உங்களுக்கு 4 லட்சம் சொன்ன ஆள் அதை சேர்க்காமத்தான் கணக்கு போட்டிருக்கார்னு பார்த்தாலே தெரியுது.

எப்படின்னு காட்டுறேன். அவர் 20,000 சம்பாதிச்சார்னு நீங்க சொல்றீங்க, ஆனா சொந்தத் தொழில், ஆதாரம் கம்மியா இருந்தா ட்ரிப்யூனல் (விபத்து நஷ்டஈடு கேஸை விசாரிக்கிற கோர்ட்) கொஞ்சம் குறைச்சுத்தான் எடுப்பாங்க, 18,000னு வெச்சுக்குவோம். 40 வயசுக்கு கீழ சொந்தத் தொழில் செய்யறவருக்கு எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் சேர்க்கணும்னு 2017 பிரணய் சேத்தி தீர்ப்பு, அது இறப்பு கேஸ்ல வந்தது, ஆனா காயக் கேஸுக்கும் உண்டுன்னு 2020ல பப்பு தேவ் யாதவ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆக 25,200. வருஷத்துக்கு 3,02,400. இதை வயசுக்கு ஏத்த மல்டிபிளையரால, அதாவது எத்தனை வருஷத்துக்கு கணக்கு போடணும்ங்கற எண்ணால பெருக்கணும், 2009 சரளா வர்மா தீர்ப்புல அட்டவணையே இருக்கு, 31ல இருந்து 35 வயசுக்கு 16. அப்ப 48,38,400 வருது. இறப்பு கேஸ் மாதிரி சொந்தச் செலவுன்னு மூணுல ஒரு பங்கு இதுல கழிக்கக் கூடாது, ஆள் உயிரோட இருக்கார் இல்லையா, சில கால்குலேட்டர் அதையும் கழிச்சுட்டு காட்டும். இந்த 48 லட்சத்துல எத்தனை சதவீதம் அவரோட சம்பாதிக்கிற திறன் போச்சோ அத்தனை சதவீதம் அவருக்கு. 20 சதவீதம்னா 9,67,680.

இதே ஊனத்தை இன்னொரு விதமாவும் கணக்கு போடுவாங்க, அதுதான் உங்களுக்கு ஆபத்து. ஊனம் தொழிலை பாதிச்சதுன்னு நிரூபிக்கலைன்னா டாக்டர் தர்ற ஊன சர்டிபிகேட்ல இருக்கிற ஒவ்வொரு சதவீதத்துக்கும் 3,000, 4,000, 5,000னு ஒரு ரேட் போட்டு முடிச்சிடுவாங்க, தமிழ்நாட்டு ட்ரிப்யூனல்கள்ல ரொம்ப சாதாரணமா நடக்கறது இது. 30 சதவீத சர்டிபிகேட், 5,000 ரேட்டுன்னா மொத்தமே 1,50,000. அதே கால், அதே ஆள், ஒரு வழியில ஒன்றரை லட்சம், இன்னொரு வழியில ஒன்பதரை லட்சம். ரெண்டையும் சேர்த்து கேக்க முடியாது, ஏதாவது ஒண்ணுதான். நீங்க பார்த்த கால்குலேட்டர் ரெண்டும் வேற வேற காட்டுனதுக்கு காரணமும் அநேகமா இதுதான்.

---

எலும்புக்கூடு

நான் ஃபிசியோதெரபிஸ்ட். சதவீதத்தைப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா நிறைய பேர் இங்கதான் குழம்புறாங்க.

சர்டிபிகேட்ல "இடது கீழ் அவயவம் 30%"னு எழுதினா அது அந்த ஒரு காலுக்கு 30, முழு உடம்புக்கு இல்ல. கோர்ட்ல இதை முழு உடம்புக்கு மாத்தும்போது சில இடத்துல மூணுல ஒரு பங்கா கூட எடுத்துடறாங்க. ஆனா மூணாவதா ஒரு சதவீதம் இருக்கு, அவர் செய்யற தொழிலுக்கு அது எவ்வளவு இடைஞ்சல்ங்கறது. மேல வக்கீல் சார் சொன்ன ராஜ்குமார் தீர்ப்புலயே இதை அழகா சொல்லியிருப்பாங்க, இடது கை போன டிரைவருக்கோ கார்பென்டருக்கோ கிட்டத்தட்ட முழு வருமானமும் போயிடும், அதே கை போன கவர்ன்மென்ட் கிளார்க் அதே சம்பளத்துல வேலையைத் தொடரலாம். எலக்ட்ரீஷியனுக்கு கால் எவ்வளவு முக்கியம்னு அந்த நீதிபதிக்கு தானா தெரியாது, யாராவது சொல்லணும்.

கால் ஊனத்தை அளக்கும்போது மூட்டு எவ்வளவு மடங்குதுங்கறது ஒரு பகுதிதான். ஸ்திரத்தன்மைன்னு இன்னொரு பகுதி இருக்கு, சமதளத்துல நடக்கறது, சரிவுல நடக்கறது, படி ஏறுறது, அடிபட்ட கால்ல மட்டும் நிக்கறது, குத்துக்கால் வெச்சு உக்கார்றது, சம்மணம் போடுறது, மண்டி போடுறது, திரும்பறது, இதெல்லாம் ஒவ்வொண்ணா பார்த்து மார்க் போடணும். அவசரத்துல முட்டியை ரெண்டு தடவை மடக்கிப் பார்த்துட்டு எழுதினா இது பாதி விட்டுப்போகும். அதனால போறதுக்கு முன்னாடியே வீட்ல உக்காந்து எதெல்லாம் முடியலன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க.

இப்பவே சர்டிபிகேட் வாங்க ஓடாதீங்க, நாலு மாசத்துல எலும்பே முழுசா கூடியிருக்காது. இப்ப எடுத்தா எதிர்த்தரப்பு "இன்னும் சரியாகும்"னு சொல்லி உடைச்சிடுவாங்க. ட்ரீட்மென்ட் முடிஞ்சு இதுக்கு மேல முன்னேற்றம் இல்லைங்கற நிலைமை வந்த பிறகு எடுக்கறதுதான் நிக்கும். ராடு எடுக்கணும்னா அந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும்னு ஆஸ்பத்திரியில எஸ்டிமேட் ஒண்ணு எழுதி வாங்கி வெச்சுக்கங்க, எதிர்கால வைத்தியச் செலவுன்னு அதைத்தான் காட்ட முடியும்.

---

வண்டிக்காரன்

எங்க மாமா கேஸ் போன வருஷம்தான் முடிஞ்சுது, அதுல பார்த்ததை சொல்றேன் சகோதரி. அவர் லேத் வொர்க்ஷாப் வேலை, ஓனர் லெட்டர்பேட்ல "மாசம் 22,000 தர்றேன்"னு எழுதிக் குடுத்தார், அவ்வளவுதான். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார், இந்த லெட்டர் எழுதினவர் சாட்சி சொல்ல வந்தாரா, சம்பளப் பதிவேடு எங்க? அதுக்கு அப்புறம் அந்த லெட்டரை கோர்ட் கண்டுக்கவே இல்ல, கூலிக்காரர் அளவுக்கு ஒரு வருமானத்தை எடுத்து போட்டுட்டாங்க, மொத்த தொகையும் அதோட சேர்ந்து இறங்கிடுச்சு. வருமானம் குறைஞ்சா அதை 12, 16னு பெருக்கும்போது எல்லாமே குறையும்ல. உங்க வீட்டுக்காரருக்கு ஜிபே, பேங்க் ஸ்டேட்மென்ட்ல கஸ்டமருங்க போட்ட பணம் இருக்கும், அதை ரெண்டு மூணு வருஷத்துக்கு எடுங்க. வயர்மேன் லைசென்ஸ் இருந்தா ரொம்ப நல்லது. ஐ.டி ரிட்டர்ன் போட்டிருந்தா அதுக்கு மேல ஆதாரமே வேணாம், ஆனா விபத்து நடந்த அப்புறம் அவசரமா போட்ட ரிட்டர்னை யாரும் நம்ப மாட்டாங்க. ரெகுலரா வேலை குடுத்த பில்டர் யாராவது வந்து சாட்சி சொல்வாரான்னு இப்பவே கேட்டு வைங்க, வருஷம் ஓடினா அவங்களும் மாறிடுவாங்க.

இன்னொண்ணு, மெடிக்கல் ஷாப் பில்லெல்லாம் அந்த வழவழ பேப்பர்ல இருக்கும், கொஞ்ச நாள்ல எழுத்தே மறைஞ்சு வெள்ளைப் பேப்பரா ஆயிடும். இன்னைக்கே எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரிஜினலோட சேர்த்து பின் பண்ணுங்க. பில்லுல பேஷண்ட் பேர் இருக்கணும், டாக்டர் சீட்டு கூட இருக்கணும். ஆட்டோ, வேன் வாடகைக்கு கூட ஒரு துண்டுச்சீட்டு வாங்குங்க.

---

மின்மினி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விஷயம் இருக்குன்னே தெரியாது. ஃபிசியோ சார் எழுதி வைக்கச் சொன்னதும் அவர்கிட்ட உக்காந்து கேட்டேன். ஏணியில இடது காலை ஊன்றி மேல ஏற முடியல, வலது காலை வெச்சு ஏறிட்டு இடது காலை இழுத்துக்கிட்டு போறார், ரெண்டு படி ஏறினதும் ஒரு கை ஏணியைப் பிடிச்சே ஆகணும், அப்ப ஒத்தக் கையில ஸ்க்ரூ டிரைவரும் பிடிச்சு வயரும் பிடிக்க முடியாதுங்கறார். தரைக்கு பக்கத்துல இருக்கிற பிளக் பாயின்ட்னா குத்துக்கால் வெச்சு உக்கார முடியாம ஒரு பலகை போட்டு கால் நீட்டி உக்காந்துதான் செய்யணும். சீலிங் ஃபேன் வேலைக்கு யாரும் கூப்பிட்டாலும் போக முடியல.

ரெண்டு சந்தேகம். இவர் வேகமா வந்தார்னு கார்க்காரர் சொல்றாராம், அதுக்கு பணம் குறையுமா? எங்க ஆபீஸ்ல இருந்து ஃபேமிலி மெடிக்ளைம் இருந்துச்சு, அதுல 1,10,000 வந்துச்சு, அதை கழிச்சிடுவாங்களா?

---

கருப்புக் கோட்டு

ஏணியைப் பத்தி நீங்க எழுதியிருக்கிறதை அப்படியே அவரோட சாட்சியத்துல சொல்லணும் சிஸ்டர், ஒரு வார்த்தை மாத்த வேணாம். சிகிச்சை குடுத்த டாக்டரும் வந்து இதை ஒத்துக்கிட்டு சொன்னா கேஸோட கனமே வேற. ட்ரீட்மென்ட் பண்ணாத ஒரு டாக்டர்கிட்ட காசு குடுத்து சர்டிபிகேட் வாங்கித் தர்றேன்னு யாராவது சொன்னா பக்கத்துலயே விடாதீங்க, அந்த மாதிரி ரெடிமேட் சாட்சிகளை நம்பாதீங்கன்னு சுப்ரீம் கோர்ட்டே எச்சரிச்சிருக்கு.

அவர் மேலயும் தப்பு இருக்குன்னு கோர்ட் முடிவு பண்ணினா அந்த அளவு மொத்தத்துல இருந்து கழியும். வருமான இழப்பு 9,67,680, மொத்தம் ஆறு மாசம் வேலைக்கு போக முடியாதுன்னு வெச்சா அதுக்கு 1,08,000, பில் 2,60,000, மூணும் சேர்த்து 13,35,680 வருது. 20 சதவீதம் தப்பு அவர் மேலன்னு போட்டா 10,68,544 ஆயிடும். கார்க்காரர் வாயால சொல்றதை மட்டும் வெச்சு அப்படி போட மாட்டாங்க. போலீஸ் போட்ட ரஃப் ஸ்கெட்ச்ல இடிச்ச இடம் ரோட்டோட எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க, எம்.வி.ஐ (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட்ல ரெண்டு வண்டியோட எந்தப் பக்கம் நசுங்கியிருக்குன்னு பாருங்க. நீங்க சொல்ற மாதிரி கார் இவர் பக்கம் ஏறி வந்திருந்தா அது ரெண்டுலயும் தெரியும். எஃப்.ஐ.ஆர், ஸ்கெட்ச், எம்.வி.ஐ ரிப்போர்ட், வூண்ட் சர்டிபிகேட், சார்ஜ் ஷீட் எல்லாத்தோட காப்பியும் வாங்குங்க.

மெடிக்ளைம் பத்தி கோர்ட்டுக்கு கோர்ட் மாறிட்டு இருக்கு. கழிக்கக் கூடாதுன்னு 2025ல பாம்பே ஹைகோர்ட் ஃபுல் பெஞ்ச் சொல்லியிருக்கு, பிரீமியம் கட்டினதுக்கு வந்த பணம் அது, இடிச்சவருக்கு எதுக்கு அது லாபமா போகணும்ங்கறதுதான் வாதம். நம்ம ஊர் ட்ரிப்யூனலை அது கட்டுப்படுத்தாது, ஆனா எடுத்துக் காட்டலாம். நீங்க மறைக்க மட்டும் வேணாம், கணக்கு போடும்போது அந்த 1,10,000ஐ கழிச்சும் ஒரு தொகை, கழிக்காமலும் ஒரு தொகை வெச்சுக்கங்க.

இப்ப அவசரமானது. 2022 ஏப்ரல்ல இருந்து விபத்து நடந்த 6 மாசத்துக்குள்ள மனு போடணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 166(3)ல இருக்கு. அதை எதிர்த்து வழக்கெல்லாம் ஓடுது, அதை நம்பி தள்ளிப்போடாதீங்க. சர்டிபிகேட் இல்லாமலே மனு போடலாம், அது சாட்சி கட்டத்துல தாக்கல் பண்ணினா போதும். விபத்து எங்க நடந்திருந்தாலும் நீங்க குடியிருக்கிற ஊர் ட்ரிப்யூனல்லயே போடலாம். ஃபீஸை எழுத்துல பேசிக்கங்க, வர்ற பணத்துல இத்தனை சதவீதம்னு வக்கீல் கேக்கறது பார் கவுன்சில் விதிப்படி கூடாது.

4 லட்சத்துக்கு வர்றேன். தப்பு யார் மேலன்னு நிரூபிக்காமலே பலத்த காயத்துக்கு 164வது பிரிவுல 2,50,000 கிடைக்கும், எலும்பு முறிவு பலத்த காயம்தான். ஆனா 164 எடுத்தா, தப்பை நிரூபிச்சு முழு நஷ்டஈடு கேக்கற 166 கிடையாது, அதனால உங்க கேஸ்ல அதுக்கு போக வேணாம். ஊனத்தை அந்த மட்டமான ரேட்ல போட்டாக்கூட 1,50,000, 1,08,000, 2,60,000 சேர்த்து 5,18,000 ஆச்சு, வலி வேதனை, சத்துணவு, கூட இருந்து பார்த்துக்கிட்டது, ராடு எடுக்கற செலவு இதெல்லாம் இன்னும் தொடவே இல்ல. அவார்டு தொகைக்கு மனு போட்ட தேதியில இருந்து வட்டியும் வரும், இங்க பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுவாங்க.

லோக் அதாலத்துக்கு போறது தப்பில்ல, பணம் சீக்கிரம் வரும், கோர்ட் ஃபீஸும் திரும்பக் கிடைக்கும். ஆனா மனு போட்டு, சர்டிபிகேட் கையில வந்த அப்புறம் போங்க. அப்ப ஒரு 10 லட்சத்துக்கு கீழ பேச்சை ஆரம்பிக்க விடாதீங்க, எந்த தலைப்புல எவ்வளவுன்னு எழுதின ஒரு பேப்பரை அவங்க முன்னாடி வைங்க.

---

மின்மினி

சரிங்க சார். நாளைக்கே ஸ்டேஷன்ல ஸ்கெட்ச் காப்பி கேக்கறேன், திங்கட்கிழமை வக்கீலைப் பார்த்து மனு போடச் சொல்லப் போறோம். 4 லட்சம் சொன்னவருக்கு இப்ப வேணாம்னு சொல்லிட்டேன்.