இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு முன்னால் கேட்டதும் கணக்கிட்டதும்: அனுபவப் பகிர்வு

கடலூர், இயற்பியல் ஆசிரியர்:

ஒரே ஒலியைத் தரும் இரண்டு ஒலிபெருக்கிகளிலிருந்து நாம் நிற்கும் இடத்துக்கு உள்ள தூரங்களின் வித்தியாசம், அதாவது பாதை வேறுபாடு, அலைநீளத்தின் முழு எண் மடங்கானால் ஒலி வலுக்கும், அரை, ஒன்றரை, இரண்டரை மடங்கானால் நலியும் என்பதைப் பதினோராம் வகுப்பு மாணவர்கள் எல்லோருமே ஒப்பித்துவிடுகிறார்கள். அந்த வேறுபாடு எந்த எல்லைகளுக்குள் மாறக்கூடும் என்று முதலில் கேட்டுக்கொள்பவர்கள் மிகக் குறைவு. என் பார்வையில் கணக்கின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இதைக் காட்டுவதற்காகவே மாணவர்களை ஒரு மாலையில் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு அழைத்துச் சென்றேன். சுவர்களின் எதிரொலி குறைந்த திறந்தவெளியில், காது உயரத்தில், 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்து, ஒரே கைபேசியிலிருந்து இரண்டுக்கும் 349 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்தோம். காற்றின் வெப்பநிலை ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ். அதில் ஒலியின் வேகம் நொடிக்கு 349 மீட்டர் என்பதால் அலைநீளம் 1 மீட்டர்.

ஓர் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே, இரண்டையும் இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக நடந்து சென்றால், பாதை வேறுபாடு 3 மீட்டரில் தொடங்கிக் குறைந்துகொண்டே போகும். ஆனால் ஒருபோதும் சுழியாகாது. ஆகவே 2.5, 1.5, 0.5 ஆகிய மூன்று மதிப்புகளில் மட்டுமே ஒலி நலிய முடியும். பிதாகரஸ் தேற்றத்தின்படி அந்த இடங்கள் 0.55, 2.25, 8.75 மீட்டர் தொலைவுகளில் அமைகின்றன. அதற்கு அப்பால் எவ்வளவு தூரம் நடந்தாலும் நான்காவது நலிவு இல்லை.

முதல் இடத்தில் ஒலி ஏன் அடங்கவில்லை என்று ஒரு மாணவி கேட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. அங்கே ஓர் ஒலிபெருக்கி 0.55 மீட்டரிலும் மற்றது 3.05 மீட்டரிலும் இருப்பதால் வந்து சேரும் அலைகளின் வீச்சுகள், அதாவது அவற்றின் வலிமை, சமமல்ல. ஒன்றை மற்றொன்று முழுவதுமாக நீக்க இயலாது. 8.75 மீட்டரில் வீச்சுகள் ஏறத்தாழ சமம் என்பதால் நலிவு தெளிவாகவே கேட்டது. பாடநூல் கணக்குகள் பெரும்பாலும் வீச்சுகளைச் சமமாகக் கொள்வதை மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

புதுச்சேரி, ஒலியமைப்புத் தொழிலில் இருப்பவர்:

ஐயா, மூலங்களின் கட்டத்தையும், அதாவது இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் அதிர்கின்றனவா என்பதையும், முதலிலேயே கேட்க வேண்டும் என்பது என் தொழில் அனுபவம். மாசிமகத்துக்காக வைத்திக்குப்பத்தில் மேடை அமைத்தபோது, இரண்டு பாக்ஸ்களுக்கும் சரிநடுவில் நின்றால் தாழ்ந்த சுரங்கள் மெலிந்தும், பக்கவாட்டில் நகர்ந்தால் நன்றாகவும் கேட்டன. ஒரு பாக்ஸில் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் மாறியிருந்தன. பாதை வேறுபாடு சுழியாக இருந்தும் அலைகள் எதிர்க்கட்டத்தில் சந்தித்தன. ஒயர்களை மாற்றியதும் நடுப்பகுதி நிறைந்தது.

கடலூர், இயற்பியல் ஆசிரியர்:

மிக்க நன்றி, ஐயா. எதிர்க்கட்ட மூலங்களுக்கு நிபந்தனைகள் இடம் மாறும். என் மைதானக் கணக்கிலேயே ஓர் ஒலிபெருக்கியின் ஒயர்களை மாற்றினால், 2.25, 8.75 மீட்டர்களில் ஒலி வலுத்து, பாதை வேறுபாடு 2, 1 மீட்டராக இருக்கும் 1.25, 4 மீட்டர் தொலைவுகளில் நலியும். அடுத்த வகுப்பில் மாணவர்களை இதை முதலில் தாளில் கணித்துவிட்டுப் பிறகு நடந்து பார்க்கச் சொல்லப்போகிறேன்.