'இனமும் நகரங்களும்' உதவிப் பேராசிரியர் பணி: ஆய்வு அறிக்கையில் சாதியை எப்படி வைப்பது? அவசரம்

வாய்க்கால்_மேற்கு:
வணக்கம். உதவிப் பேராசிரியர் பணி ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறேன். 'இனமும் நகரங்களும்' என்ற தலைப்பில் ஆய்வு செய்பவர் வேண்டுமாம். என் முனைவர் பட்ட ஆய்வு புதுச்சேரியைப் பற்றியது. இரண்டு பக்க ஆய்வு அறிக்கையில் முதல் பத்தியே நகரவில்லை. சாதியும் இனப் பாகுபாடுதான் என்று எழுதலாமா? நெறியாளர் எழுது என்கிறார், உடன் படித்தவர்கள் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். மூன்றாவது பரிந்துரைக் கடிதமும் ஏறவில்லை. அக்டோபர் 15 கடைசி நாள். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

லாசுப்பேட்டை_வாசு:
காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகமா? நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சி இருக்கிறதா? எந்த ஒதுக்கீட்டுப் பிரிவில் அறிவித்திருக்கிறார்கள்? இதைச் சொல்லாமல் ஆய்வு அறிக்கையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

மஞ்சக்குப்பம்_ராஜி:
எந்த நாடு, எந்தத் துறை? சமூகவியலா, வரலாறா, நகரத் திட்டமிடலா? புதுச்சேரியின் எந்தக் காலம்? கடிதம் ஏறவில்லை என்றால் என்ன பொருள்? இணைப்பு அவருக்கு வரவில்லையா, வந்தும் திறக்கவில்லையா?

மூத்தவர்_கணேசன்:
அறிவிப்பை ஒழுங்காகப் படித்தவர் இப்படிக் கேட்க மாட்டார். ஆண்டுதோறும் இதே கேள்வியோடு யாராவது வந்து நிற்கிறீர்கள். இனமும் நகரமும் என்று அவர்கள் சொன்னால், 1930-களில் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பால் குறித்து வீட்டுக் கடனை மறுத்த கதையிலிருந்து தொடங்க வேண்டும். 1968-இல் நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்த பிறகும் அந்தக் கோடுகள் அழியவில்லை. முதலில் இதைப் படித்துவிட்டு வாருங்கள் அம்மா.

வாய்க்கால்_மேற்கு:
அமெரிக்கப் பல்கலைக்கழகம், சமூகவியல் துறை. கணேசன் ஐயா, அவற்றைப் படித்திருக்கிறேன். கடிதம் தர வேண்டியவர் ஓய்வு பெற்றவர். அவரிடம் ஜிமெயில் மட்டும்தான் இருக்கிறது, தளம் அதை ஏற்கவில்லை.

அரியாங்குப்பம்_செல்வம்:
சாதியை இனம் என்று எழுதாதீர்கள். 1936-லேயே அம்பேத்கர் கேட்டுவிட்டார், பஞ்சாப் பிராமணருக்கும் சென்னைப் பிராமணருக்கும் என்ன இன உறவு என்று. அதே அம்பேத்கர் 1946-இல் அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டூ பாய்ஸுக்குக் கடிதமும் எழுதினார். இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்தே அடுத்தவர் போராட்டத்திலிருந்து கற்க விரும்பினார். எந்தக் குழுவும் மதிக்கும் நிலைப்பாடு இது.

லாசுப்பேட்டை_வாசு:
2001-இல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியைச் சேர்க்கக் கூடாது என்று நம் அரசு எதிர்த்ததே, அது மட்டும் அம்பேத்கர் வழியா? 2023-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்துவிட்டது. காற்று அந்தப் பக்கம்தான் வீசுகிறது, துணிந்து எழுதுங்கள்.

அரியாங்குப்பம்_செல்வம்:
சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தார்கள். சாதியே இனம் என்று யாரும் தீர்மானம் போடவில்லை. இரண்டையும் குழப்பாதீர்கள் வாசு.

முத்தியால்பேட்டை_நெசவு:
இந்தப் பேச்சுக்கு நடுவில் ஊரை மறந்துவிட்டீர்கள். புதுச்சேரியை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதையே ஆய்வாளர்களும் எழுதுகிறார்கள். கடலோரத்தில் வடக்கே குருசுக்குப்பம், தெற்கே வம்பாகீரப்பாளையம், இரண்டும் மீனவர் ஊர். மேற்கே வெள்ளாளர் வீதி, செட்டி வீதி என்று சாதிக்கொரு தெரு, தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதி. இது ஒற்றைக் கோடா?

மூத்தவர்_கணேசன்:
1761-இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். இப்போது இருப்பது 1765-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் கட்டியது. திட்டம் முழுக்க அவர்களுடையது.

முத்தியால்பேட்டை_நெசவு:
தெருக்களைச் சதுரம் சதுரமாகத் திட்டமிட்டவர்கள் டச்சுக்காரர்கள், ஐயா. 1693 முதல் 1699 வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து அதையே தொடர்ந்தார்கள்.

மூத்தவர்_கணேசன்:
அடித்தளம் வேறு, நகரம் வேறு. இதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

மஞ்சக்குப்பம்_ராஜி:
டச்சுக்காரரா பிரெஞ்சுக்காரரா என்று பிறகு தீர்த்துக்கொள்ளுங்கள். வாய்க்கால்_மேற்கு, உங்கள் அத்தியாயத் தலைப்புகளை அப்படியே இங்கே இடுங்கள்.

வாய்க்கால்_மேற்கு:
1. தெருவும் சாதியும். 2. 1881-இன் துறப்பு ஆணையும் ரெனோன்சான்களும் (துறந்தவர்கள்). 3. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வியட்நாமின் சைகோனில் பணியாற்றிய புதுச்சேரிக் குடும்பங்கள், அவர்கள் திரும்பி வந்து கட்டிய வீடுகள். 4. 1954-க்குப் பிறகு.

மஞ்சக்குப்பம்_ராஜி:
மூன்றாவதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை! உங்கள் முதல் பத்தி அங்கேதான் இருக்கிறது. சாதி, மத வழக்கப்படியான தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள், நாங்களும் பிரெஞ்சுக் குடிமக்கள் என்று சைகோனில் ஐரோப்பியருக்குரிய பணிச் சலுகைகளைக் கேட்டார்கள். நிறம் குறுக்கே நின்றது. ஊரிலோ வாக்காளர் பட்டியலே ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர் என்று மூன்றாகப் பிரிந்தது. துறந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறித்தவர்களும் நிறையப் பேர். சாதியிலிருந்து தப்பிக்கக் கையெழுத்திட்டவரை இனம் மறித்த இடம் அது. சாதி இனமா என்று நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. இரண்டும் ஒரே மனிதர் மீது, ஒரே தெருவில் எப்படி விழுந்தன என்று காட்டுங்கள். வீட்டுப் பத்திரம் கையில் இருந்தால் அதிலிருந்து ஒரு வரியை எடுத்து முதல் வாக்கியமாக வையுங்கள்.

இரண்டாம் பக்கத்தில் டூ பாய்ஸ். 1896-இல் பிலடெல்பியாவின் ஏழாவது வட்டத்தில் வீடுவீடாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்தவர். அங்குள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவருக்கு முறையான ஆசிரியப் பணி கொடுக்கவில்லை, உதவியாளர் என்றே வைத்திருந்தது. அவர் முறையை உங்கள் தெருக்களில் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதினால், அமெரிக்க நகரங்களைப் பற்றிய பாடத்தை நடத்த முடியுமா என்ற ஐயமும் குழுவுக்குத் தீரும்.

கடிதத்துக்குத் தளத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். அறிவிப்பின் அடியில் துறை அலுவலக முகவரி இருக்கும், இன்றிரவே எழுதுங்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு அவர்களே வழி செய்து தருவார்கள். கடைசி நேரம் கிழக்கு அமெரிக்க நேரப்படி இரவு 11.59 என்றால் நமக்கு 16-ஆம் தேதி காலை 9.29. அந்தக் காலையை நம்பி உட்காராதீர்கள்.

மூத்தவர்_கணேசன்:
ராஜி சொல்வது சரி. வீட்டுக் கடன் வரைபடத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள், அதை விடவே கூடாது.

வாய்க்கால்_மேற்கு:
கடிதம் ஏறிவிட்டது, அலுவலகத்திலிருந்தே சேர்த்தார்கள். சைகோனை முன்னால் வைத்து அனுப்பிவிட்டேன். ராஜி அக்காவுக்கும் எல்லோருக்கும் நன்றி.

அரியாங்குப்பம்_செல்வம்:
நேர்காணலுக்கு அழைத்தால் இங்கே எழுதுங்கள். சாதி இனமா என்று அங்கே நிச்சயம் கேட்பார்கள்.

முத்தியால்பேட்டை_நெசவு:
உங்கள் முதல் அத்தியாயத்தில் வம்பாகீரப்பாளையம் இருக்கிறதா?