இரத்தம் ஓடும்போது தமனிச் சுவரில் உண்டாகும் 'wall shear stress'-க்குத் தமிழில் 'சுவர் வருடுதகைவு' (தகைவு: ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை) என்று வைப்போமா?

> 'தமனிச் சுவர் அழுத்தம்' என்றே போடலாமே?

வேண்டாம் ஐயா. அழுத்தம் சுவரைச் செங்குத்தாகத் தள்ளுவது. நமக்குச் சொல் வேண்டியது, ஓட்டத்தின் போக்கில் சுவரை ஒட்டி இழுக்கும் விசைக்கு. இங்கே பாலக்காட்டில் மலையாள வழியில் படித்தவர்களுக்கு 'ரத்தசம்மர்தம்' பழகிய சொல். அழுத்தம் என்றதும் பி.பி. என்றே எடுத்துக்கொள்வார்கள். அளவிலும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. 3 மி.மீ. விட்டமுள்ள இதயத் தமனியில் நிமிடத்துக்கு 60 மி.லி. ஓடுகிறது, இரத்தத்தின் பாகுநிலை (ஓட்டத்தைத் தடுக்கும் கெட்டித்தன்மை) 0.0035 பாஸ்கல்-நொடி என்று கொண்டால், இந்த இழுப்பு சுமார் 1.3 பாஸ்கல். 100 மி.மீ. பாதரச அழுத்தமோ 13,300 பாஸ்கல்!

– கொழிஞ்சாம்பாறை

> பாடநூலின் 'சறுக்குப்பெயர்ச்சித் தகைவு' போதாதா?

'தகைவு' இருக்கட்டும், முன்பாதிதான் இடறுகிறது. சுவரைத் தொட்ட இரத்தப் படலம் சறுக்குவதே இல்லை. அதன் வேகம் பூஜ்யம். உள்ளே போகப்போக வேகம் எவ்வளவு சடுதியில் ஏறுகிறதோ அவ்வளவு இழுப்பு. 'உராய்வு' என்றால் அழுத்தம் கூட இதுவும் கூடும் என்று மாணவர் நினைப்பார். 'இழு' ஏற்கெனவே இழுவிசைத் தகைவுக்குப் போய்விட்டது. அழுத்தத்தால் தமனிச் சுவர் சுற்றுவாக்கில் விரிவது அந்தக் கணக்கு. 'வெட்டு' என்றாலோ நோயாளியைப் பயமுறுத்தும். என் வாக்கு 'வருடு'க்கு.

– வேலந்தாவளம்

> விட்டம் பாதியானால் அதே ஓட்டத்துக்கு 8 மடங்கு. 10 பாஸ்கலைத் தாண்டுவதை வருடல் என்பதா?

ஏன் கூடாது? தமனியின் உட்புறத்தை மூடியிருக்கும் உள்வரிச் செல்கள் இந்த வருடலை உணர்ந்துதான் நைட்ரிக் ஆக்சைடு சுரந்து தமனியை விரிக்கின்றன. வருடல் கூடினால் மட்டுமல்ல, குறைந்தாலும் தொல்லைதான். மூலத்தறை வாய்க்காலில் ஷட்டரைப் பாதி இறக்கிப் பாருங்கள்: இடுக்கில் மண் அரிக்கும், தாண்டியதும் சுழியில் வண்டல் படியும். தமனிச் சுருக்கத்திலும் அப்படியே. குறுகிய இடுக்கில் வருடல் மிகுந்து, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் தூண்டப்படும். கீழ்ப்புறச் சுழியில் அது 0.4 பாஸ்கலுக்கும் கீழே போய், துடிப்புக்குத் துடிப்பு திசையும் மாறும். கொழுப்புப் படிவு வளர ஏற்ற இடம் அதுதான்.

கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன: குறைவருடல், மிகைவருடல், திசைமாறு வருடல். கலைச்சொல் பதிவில் இன்னொன்றும் சேர்க்கவும்: '50% சுருக்கம்' என்று மொட்டையாக எழுதக் கூடாது. விட்டத்தில் 50% என்றால் பரப்பில் 75%. எது என்று சொல்லாவிட்டால் வருடுதகைவுக் கணக்கே கவிழும்.

– கோவிந்தாபுரம்