மெய்நிகர் இயந்திரத்தில் பெர்ஃப் கவுன்டர் சோதனைகள் அவ்வப்போது தோற்பதை எப்படிச் சரிசெய்வது?

கேள்வி

வணக்கம். லினக்ஸ் கெர்னலின் பெர்ஃப் இடைமுகத்தின் (செயலிக்குள் நடக்கும் நிகழ்வுகளை எண்ணும் ஹார்டுவேர் கவுன்டர்களைப் பயன்படுத்த உதவுவது) மேல் எழுதப்பட்ட ஒரு சிறிய சி நூலகத்தைப் பராமரித்து வருகிறேன். அது ஆறு நிகழ்வுகளை ஒரே குழுவாகத் திறக்கிறது: இன்ஸ்ட்ரக்‌ஷன், சைக்கிள், பிராஞ்ச், பிராஞ்ச் மிஸ், கேஷ் ரெஃபரன்ஸ், கேஷ் மிஸ். நூலகம் சரியாக எண்ணுகிறதா என்று பார்ப்பதற்காக, அசெம்பிளியில் 10 கோடிச் சுற்றுகள் ஓடும் லூப் ஒன்றை வைத்திருக்கிறேன். ஒரு சுற்றுக்கு ஒரு கழித்தலும் ஒரு ஜம்ப்பும் மட்டுமே என்பதால், 20 கோடி இன்ஸ்ட்ரக்‌ஷன்களும் 10 கோடி பிராஞ்ச்களும் வர வேண்டும்.

மேசைக் கணினியில் இது தோற்பதே இல்லை. சி.ஐ. (தானியங்கிச் சோதனை) அமைப்பின் கே.வி.எம். கெஸ்ட்டிலோ (லினக்ஸின் கே.வி.எம். மெய்நிகராக்கத்தில் ஓடும் மெய்நிகர் இயந்திரம்), இன்ஸ்ட்ரக்‌ஷன் எண்ணிக்கை சில பத்துகள் கூடி வருகிறது. சில ஓட்டங்களில் மற்ற நிகழ்வுகளில் ஏதோ ஒன்று பூஜ்யமாகிறது, அது எந்த நிகழ்வு என்பதும் மாறுகிறது. கவுன்டர் இயக்கத்தில் இருந்த நேரமும் ஓடிய நேரமும் சமமாக இருப்பதால் மல்டிபிளெக்ஸிங் (ஒரே கவுன்டரைப் பல நிகழ்வுகள் முறைவைத்துப் பகிர்வது) நடக்கவில்லை என்று கொள்கிறேன். பத்து சதவீத வேறுபாட்டை அனுமதித்து, தோற்றால் மூன்று முறை மறுபடி ஓட்டலாம் என்று குழுவில் சொல்கிறார்கள். இது முறைதானா?

மறுமொழி 1

முறையன்று. கூடுதலாக வருவதும் குறைவாக வருவதும் வெவ்வேறு காரணங்களால் நேர்பவை. இரண்டையும் ஒரே சதவீதத்துக்குள் அடைத்தால் இரண்டுமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

முதலில் கூடுதல். எக்ஸ்86 செயலிகளில், பயனர் நிலையை மட்டும் எண்ணச் சொன்னாலும், ஒவ்வொரு ஹார்டுவேர் இன்டரப்ட்டுக்கும் இன்ஸ்ட்ரக்‌ஷன் கவுன்டர் ஒன்று கூடிவிடும் என்பது நெடுநாளாக அறியப்பட்ட நடத்தை. உங்கள் லூப் முப்பது மில்லிசெகண்ட் அளவுக்காவது ஓடும்; அதற்குள் டைமர் இன்டரப்ட்டுகளே பல வந்துவிடும், கெஸ்ட்டின் விசிபியூவை (மெய்நிகர் செயலியை) ஹோஸ்ட் (கெஸ்ட்டைத் தாங்கும் உண்மையான இயந்திரம்) இடையில் நிறுத்திவைத்தால் மேலும் வரும். ஆகவே 20 கோடிக்கு மேல் சில நூறு வரை அனுமதியுங்கள். 20 கோடிக்குக் கீழே ஒன்றுகூட அனுமதிக்காதீர்கள். கவுன்டரைத் தொடக்கி நிறுத்தும் சிஸ்டம் கால்களின் செலவையும் நீக்க வேண்டுமென்றால், லூப்பை ஒரு மடங்கும் இரண்டு மடங்கும் ஓட்டி வித்தியாசத்தை எடுத்தால் போதும்.

பூஜ்யம்தான் சுவாரசியமானது. கெஸ்ட் கெர்னல் கவுன்டரின் பதிவேட்டில் எழுதும்போது, கே.வி.எம். அதை இடைமறித்து, ஹோஸ்ட்டில் தன் பெயரில் ஒரு பெர்ஃப் நிகழ்வைத் திறக்கிறது. அந்த நிகழ்வு ‘பின்டு’ வகையைச் சேர்ந்தது, அதாவது கவுன்டரை முறைவைத்துப் பகிராமல் எப்போதும் பிடித்திருக்க வேண்டியது. ஆனாலும் டாஸ்க் ஒன்றுக்கு உரியது என்பதால், ஒரு சிபியூ முழுமைக்கும் பின் செய்யப்பட்ட நிகழ்வுக்கு அடுத்த இடமே அதற்குக் கிடைக்கும். ஹோஸ்ட்டின் என்.எம்.ஐ. வாட்ச்டாக் (சிபியூ உறைந்துவிட்டதா என்று கண்காணிக்கும் கெர்னல் பகுதி) அப்படிப்பட்ட சிபியூ நிகழ்வுதான், அது எண்ணுவதும் சைக்கிளைத்தான்.

இப்போது கணக்குப் பாருங்கள். ஹோஸ்ட் இன்டெலின் ஸ்கைலேக் தலைமுறையைச் சேர்ந்தது, ஹைப்பர்த்ரெடிங்கும் (ஒரு கோர் இரு த்ரெடுகளாக இயங்குவது) இயங்குகிறது என்றால், ஒரு த்ரெடுக்கு பல்வேறு நிகழ்வுகளை எண்ணவல்ல 4 பொதுக் கவுன்டர்களும், குறிப்பிட்ட ஒரு நிகழ்வை மட்டும் எண்ணும் 3 நிலைக் கவுன்டர்களும் உண்டு. இன்ஸ்ட்ரக்‌ஷனும் சைக்கிளும் நிலைக் கவுன்டர்களில், மற்ற நான்கும் பொதுக் கவுன்டர்களில் என்று கெஸ்ட் அழகாகப் பொருத்திவிடுகிறது. ஹோஸ்ட்டிலோ சைக்கிளுக்கான நிலைக் கவுன்டரை வாட்ச்டாக் ஏற்கெனவே பிடித்துவிட்டது. கெஸ்ட்டின் சைக்கிள் பொதுக் கவுன்டருக்குத் தள்ளப்படுகிறது. நான்கு இருக்கைகளுக்கு ஐந்து பேர். இடம் கிடைக்காத பின்டு நிகழ்வு பிழைநிலைக்குப் போய் எண்ணுவதை நிறுத்திவிடும்.

கெஸ்ட்டுக்கு இது எதுவும் தெரியாது. தான் கவுன்டரை ஓடவிட்ட நேரத்தைத்தான் அது கணக்கில் வைக்கிறது. ஹோஸ்ட்டில் உண்மையில் ஓடியதா என்பதை அறிய அதற்கு வழியில்லை. ஆகவே மெய்நிகர் இயந்திரத்துக்குள் அந்த இரு நேரங்களும் சமமாக இருப்பது எதற்கும் சான்றாகாது. உங்கள் சி.ஐ. ஓட்டங்களில் சில 8 பொதுக் கவுன்டர்கள் கொண்ட ஐஸ் லேக் போன்ற புதிய ஹோஸ்ட்களிலும் சில பழையவற்றிலும் விழுகின்றன என்பது என் ஊகம். தோற்ற ஓட்டங்களின் செயலி மாடலைப் பதிவுகளில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். கேஷ் மிஸ், பிராஞ்ச் மிஸ் இரண்டையும் பற்றிச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: உங்கள் லூப்பில் அவை பூஜ்யத்தை ஒட்டி வந்தால் அது சரியான விடையாகவே இருக்கலாம். நினைவகத்தைத் தொடாத லூப்பில் கேஷ் தவற வேண்டிய அவசியமில்லை. கடைசிச் சுற்றைத் தவிர ஒரே பக்கம் தாவும் ஜம்ப்பைப் புதிய செயலிகள் தவறாகக் கணிப்பதும் இல்லை. அவற்றைச் சோதிக்க விரும்பினால் அந்த நிகழ்வை நீங்களே உண்டாக்க வேண்டும். ஒரு கேஷ் வரியைப் படித்து, சிஎல்ஃபிளஷ் கட்டளையால் வெளியேற்றி, வேலி (வரிசை மாறாமல் தடுக்கும் கட்டளை) போட்டு மறுபடி படிக்கும் லூப் ஒன்றை எழுதுங்கள். பிராஞ்ச்சுக்கு, சீரற்ற பிட்களைப் பார்த்துக் கிளைபிரியும் லூப் போதும். அப்போதும் கீழ் எல்லையை மட்டும் சோதியுங்கள். சைக்கிளுக்குப் பூஜ்யத்தைவிட அதிகம் என்பதற்கு மேல் எதையும் உறுதிமொழியாக எழுதுவது வீண்.

ஆறு நிகழ்வுகளை ஒன்றாகத் திறக்கும் சோதனையையும் ஒவ்வொரு நிகழ்வும் சரியாக எண்ணுகிறதா என்னும் சோதனையையும் பிரித்துவிடுங்கள். பின்னதில் ஒரு நேரத்தில் ஒரு நிகழ்வு மட்டும் திறந்திருந்தால் மேற்கண்ட நெரிசலே வராது.

கவுன்டரே இல்லாத கெஸ்ட்கள் வேறு கதை. மெய்நிகர் இயந்திரத்தை இயக்கும் கியூஇமுவில் சிபியூ அமைப்போடு பிஎம்யூவை (கவுன்டர்கள் அடங்கிய செயலிப் பகுதி) ஆன் என்று தராவிட்டால் அது கெஸ்ட்டுக்குத் தெரியாமல் போகலாம். பி வகை (வேகமான), ஈ வகை (மின்சிக்கனமான) கோர்கள் கலந்த ஹோஸ்ட்களில் கே.வி.எம். தானாகவே மெய்நிகர் பிஎம்யூவை முடக்கிவிடுகிறது. மடிக்கணினியில் கெஸ்ட்டை ஏற்றிப் பார்ப்பவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள். அங்கே நிகழ்வைத் திறக்கும் அழைப்பே பிழை தரும், அதனால் சோதனையைத் தவிர்ப்பது நியாயம். ஆனால் எல்லா இடத்திலும் தவிர்க்கப்பட்டுப் பச்சை விளக்கு எரியும் சோதனை இருந்தும் இல்லாததற்குச் சமம். மெய்நிகராக்கம் இல்லாத நேரடி இயந்திரம் ஒன்றையாவது சி.ஐ.யில் வைத்து, அதில் மட்டும் தவிர்ப்பையும் தோல்வியாகக் கொள்ளுமாறு ஒரு சூழல் மாறியை அமையுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பதிவுகளைப் பார்த்தேன், பூஜ்யம் வந்த ஓட்டங்கள் எல்லாம் 4 பொதுக் கவுன்டர்கள் கொண்ட ஹோஸ்ட்களிலேயே நடந்திருக்கின்றன. நிகழ்வுகளைத் தனித்தனியாகத் திறந்த பிறகு பிராஞ்ச் எண்ணிக்கை குறையவில்லை. குழுச் சோதனையை என்ன செய்வது என்பதே மிச்சம். ஹோஸ்ட்டின் வாட்ச்டாக்கை நிறுத்த எங்களுக்கு உரிமை இல்லை.

மறுமொழி 1

குழுவை நான்கு நிகழ்வுகளாகச் சுருக்குங்கள்: இன்ஸ்ட்ரக்‌ஷன், பிராஞ்ச், பிராஞ்ச் மிஸ், கேஷ் மிஸ். சைக்கிளை விட்டுவிட்டால் வாட்ச்டாக்கோடு மோதல் இல்லை, பொதுக் கவுன்டர்களில் ஒன்று மிச்சமாகவும் இருக்கும். சோதனை தொடங்குமுன் இதே குழுவைத் திறந்து உங்கள் லூப்பைச் சிறிய அளவில் ஓட்டுங்கள். பிராஞ்ச் குறைந்தால் ‘ஹோஸ்ட் கவுன்டரைத் தரவில்லை’ என்று செயலி மாடலோடு பதிவுசெய்துவிட்டுத் தவிர்க்கலாம். ஆறு நிகழ்வுக் குழுவை நேரடி இயந்திரத்தில் மட்டும் ஓட்டுங்கள். அங்கே மட்டும் கவுன்டர் ஓடிய நேரத்தை நம்பலாம். நிகழ்வைப் பின்டு என்று திறந்திருந்து இடம் கிடைக்காமற்போனால், படிக்கும் அழைப்பு பூஜ்ய பைட்டுகளைத் திருப்பித் தரும் என்பதையும் அங்கேயே சோதித்துக்கொள்ளுங்கள். பல நூலகங்கள் அதைப் பார்க்காமல் பழைய மதிப்பையே விடையாகத் தந்துவிடுகின்றன.