தோல் கம்பெனி தண்ணி பாஞ்ச நிலத்துல கீரை போடலாமா?

ராணிப்பேட்டைக்காரன்:
வணக்கம். பாலாத்துக்கு கிட்ட ஒரு ஏக்கர் சும்மா கிடக்கு, முன்னாடி தோல் கம்பெனி கழிவு வாய்க்கால் ஓரமாவே போகும், இப்ப அது நின்னு வருஷம் ஆச்சு. வீட்டுக்கும் கொஞ்சம் விக்கவும் அரைக்கீரை, சிறுகீரை போடலாம்னு அப்பா சொல்றாரு. மண்ண டெஸ்ட் பண்ணி அரசு குடுக்குற மண்வள அட்டையில உப்பு ஜாஸ்தின்னு மட்டும்தான் இருக்கு, மத்ததெல்லாம் ஓகே. நம்பி இறங்கலாமா?

மண்வெட்டி:
அந்த அட்டைய வச்சு முடிவு பண்ணாதீங்க பாஸ். அதுல பாக்குறது பிஎச் (மண்ணு புளிப்பா காரமான்னு காட்டுற அளவு), உப்பு, தழை மணி சாம்பல் சத்து, துத்தநாகம், இரும்புன்னு மொத்தம் 12 தான், பயிருக்கு என்ன பத்தலைன்னு சொல்லத்தான் அது. குரோமியம், காட்மியம், ஈயம் எதுவும் அதுல கிடையாது. என்ஏபிஎல் (லேப்களுக்கு தரச்சான்று குடுக்குற அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேப்ல தனியா கேக்கணும், கேக்கும்போது மொத்த குரோமியம் ஒண்ணு, ஹெக்சாவேலன்ட் குரோமியம், அதாவது ஆறாம் நிலை குரோமியம் ஒண்ணுன்னு ரெண்டும் கேளுங்க. தோல் பதப்படுத்துறதுல போறது பெரும்பாலும் மூணாம் நிலை குரோமியம், அது மண்ணுலயே ஒட்டிக்கும், செடி இழுத்தாலும் முக்கால்வாசி வேரோட நின்னுடும். ஆறாம் நிலைதான் வில்லன், தண்ணியோட ஓடும், கேன்சர் வரைக்கும் போகும். உங்க ஊரு சிப்காட் தொழிற்பேட்டையில மூடுன குரோமேட் ஆலையில 1.5 லட்சம் டன்னுக்கு மேல குவிஞ்சு கிடந்த கழிவு அந்த ரகம்.

பச்சைமிளகா:
செண்டுமல்லி, சூரியகாந்தி போட்டா விஷத்தை உறிஞ்சிடும்னு யூடியூப்ல பாத்தேனே, ரெண்டு போகம் போட்டுட்டு அப்புறம் கீரை போடுங்க

மண்வெட்டி:
ரெண்டு போகத்துல எல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க, அது வருஷக்கணக்கு வேலை. உறிஞ்சுன செடிய புடுங்கி எங்க போடுவீங்க, குப்பைக்குழியில போட்டா திரும்ப அதே மண்ணுக்குத்தானே வரும்? பூவ வித்து காசு பாக்க போடுங்க, அது நல்ல ஐடியா.

ராணிப்பேட்டைக்காரன்:
நல்லா கழுவி சமைச்சா போகாதா? சுண்ணாம்பு போடச் சொல்லி ஒருத்தர் சொன்னாரு.

வாணியம்பாடி_அக்கா:
தம்பி, கழுவுனா மேல ஒட்டுன தூசி, மண்ணு போகும், ரோட்டோர ஈயம் கொஞ்சம் போகும். தண்டுக்குள்ள ஏறுனது கொதிக்க வச்சாலும் போகாது. அதுலயும் கீரைதான் காட்மியத்த ஜாஸ்தி இழுக்கும், கத்திரி வெண்டைய விட அதுக்கு அனுமதிக்கப்பட்ட அளவே கூடத்தான் வச்சிருக்காங்க. சுண்ணாம்பு புளிப்பு மண்ணுக்கு. நம்ம பக்கம் ஏற்கனவே களர், பிஎச் ஏறிக் கிடக்கு, கார மண்ணுல ஆறாம் நிலை குரோமியம் இன்னும் லேசா நகரும். மக்குன தொழு உரம் தாராளமா போடுங்க, அது ஆறாம் நிலைய மூணா மாத்த உதவும். 1996லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல தோல் கம்பெனி கழிவால சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசாவோ பாழ்னு எழுதியாச்சு, 2025 ஜனவரியில மறுபடியும் தீர்ப்பு, நம்ம மண்ணு மட்டும் அப்படியேதான் இருக்கு.

மண்வெட்டி:
அக்கா சொன்னதோட ஒண்ணு, கிணத்துத் தண்ணியையும் சேத்து டெஸ்டுக்கு குடுங்க, மண்ணு நல்லா இருந்து தண்ணி கெட்டிருந்தா வேஸ்ட். மண்ணு எடுக்கும்போது துருப்பிடிச்ச மம்முட்டி வேணாம், பிளாஸ்டிக் கரண்டியால 15 செ.மீ ஆழம், பத்து பதினஞ்சு இடத்துல எடுத்து கலந்து அரை கிலோ போதும். வாய்க்கால் ஓரம் எடுத்தத தனிப் பையில போட்டு தனியா எழுதுங்க, அத மத்ததோட கலந்தா ஒண்ணும் புரியாது.

ராணிப்பேட்டைக்காரன்:
சரிங்க, ரிசல்ட் வர்ற வரைக்கும் கீரைய நிறுத்தச் சொல்றேன் அப்பாகிட்ட. லேப் சார்ஜ் எவ்ளோ வரும்னு யாருக்காவது தெரிஞ்சா போடுங்க.