கிளாமர்: வால்டர் ஸ்காட் உருவாக்கிய சொல்லா?

பழைய வாத்தியார்: ‘கிளாமர் (glamour) என்ற சொல்லை 1805-இல் ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட் உருவாக்கினார்’ என்று தென்காசியான் நேற்று அடித்துச் சொல்லியிருக்கிறார். தவறு. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1789-இல் எழுதிய கவிதையிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஜிப்சிகள் கிளாமர் செய்பவர்கள், மந்திரவாதிகள் நரகத்தின் கிராமரை, அதாவது இலக்கணத்தை, கரைத்துக் குடித்தவர்கள் என்று அடுத்தடுத்த வரிகளில் வரும். ஸ்காட் பிறந்ததே 1771-இல்.

தென்காசியான்: பர்ன்ஸ் எழுதியது ஸ்காட்லாந்து மொழி. நான் பேசுவது ஆங்கிலம். 1805-இல் ஸ்காட்டின் நெடுங்கவிதை வரவில்லை என்றால் லண்டனில் எவனுக்கும் இந்தச் சொல் தெரிந்திருக்காது.

பழைய வாத்தியார்: ‘உருவாக்கினார்’ என்றுதான் எழுதினீர்கள். பரப்புவது வேறு, உருவாக்குவது வேறு. 1789.

மீனாட்சி: ஆண்டு இருக்கட்டும், பொருளைப் பேசுங்களேன். நம் சினிமாப் பத்திரிகைகளில் கிளாமர் என்றால் குட்டை உடை. அதன் முதல் அர்த்தம் கண்கட்டு வித்தை. பாதாளச் சிறையின் சுவரில் தொங்கும் ஒட்டடை, அரண்மனைத் திரைச்சீலையாகத் தெரியும். கொட்டை ஓடு தங்கப் படகாகத் தெரியும். உள்ளது ஒன்று, தெரிவது ஒன்று. அந்த ஏமாற்று போய் அழகு மட்டும் மிஞ்சிவிட்டது.

தென்காசியான்: ஒட்டடையும் கொட்டை ஓடும் யார் கவிதையில் வருகின்றன? ஸ்காட். 1805. நன்றி அக்கா.

பழைய வாத்தியார்: அந்த அம்மா பொருளுக்குச் சான்று காட்டினார், உங்கள் ஆண்டுக்கு அல்ல. 1789-க்குப் பதில் சொல்லுங்கள்.

பரணி: கிராமர் திரிந்துதான் கிளாமர் ஆனது என்கிறார்களே, அதை என்னால் நம்ப முடியவில்லை. இலக்கணத்துக்கும் மயக்குக்கும் என்ன சம்பந்தம்?

பழைய வாத்தியார்: இடைக்கால ஐரோப்பாவில் கிராமர் என்றால் லத்தீன் படிப்பு. எழுத்தறியாத ஊரில் ஏட்டைப் பார்த்துப் புரியாத மொழியில் முணுமுணுப்பவனிடம் மந்திரம் இருக்கிறது என்றே ஜனங்கள் நம்பினார்கள். பிரெஞ்சில் மந்திர நூலுக்குக் கிரிம்வார் என்று பெயர், அதுவும் இதே வேர். ஸ்காட்லாந்துக்காரர்கள் வாயில் ரகரம் லகரமானது, அவ்வளவுதான். இதிலும் வால்டர் ஸ்காட்டுக்கு வேலையே இல்லை.

பரணி: அப்படியானால் கலர் (colour) என்பதில் ‘யு’வைத் தூக்கி எறிந்த அமெரிக்கர்கள் கிளாமரில் மட்டும் ஏன் வைத்திருக்கிறார்கள்?

தென்காசியான்: ஸ்காட்டின் எழுத்துக்கூட்டலுக்கு இருந்த மரியாதை.

பழைய வாத்தியார்: இதற்கு ஆதாரம்? வாயில் வந்ததை எழுதாதீர்கள். கட்டுமரம் விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

தென்காசியான்: அங்கே நான் உங்களைத் திருத்தியது இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. வாத்தியார் என்று பெயர் வைத்துக்கொண்டால் எல்லாரும் மாணவர்களாகிவிட மாட்டார்கள் சார்.

மீனாட்சி: இங்கே கட்டுமரம் எதற்கு? கவர்ச்சி என்ற மொழிபெயர்ப்பு சரியா என்று யாராவது பேசுங்கள். ‘மயக்கு’ என்பது எவ்வளவோ கிட்டத்தில் வருகிறது.

பழைய வாத்தியார்: முதலில் இது முடியட்டும் அம்மா. பர்ன்ஸ் போதவில்லை என்றால் இன்னொரு ஸ்காட்லாந்துக் கவிஞர், ஆலன் ராம்சே. 1720-களிலேயே கிளாமருக்குப் பொருள் எழுதிவிட்டார்: பேய்களும் சூனியக்காரர்களும் செப்படி வித்தைக்காரர்களும் பார்ப்பவர் கண்ணில் போடும் மயக்கு. ஸ்காட் பிறக்க இன்னும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு இருக்கிறது.

தென்காசியான்: பொருள் ஏன் எழுத வேண்டி வந்தது? ஆங்கிலேயனுக்குத் தெரியாத சொல் என்பதால். நான் சொன்னதும் அதுதானே. 1805.

பழைய வாத்தியார்: தெரியாத சொல் என்றால் ஏற்கெனவே இருக்கிற சொல். ‘உருவாக்கினார்’ என்பதை எப்போது அழிக்கப் போகிறீர்கள்?

தென்காசியான்: அழிக்க மாட்டேன்.

பரணி: அந்த ‘யு’ பற்றி யாரும் சொல்லவில்லையே?